மயிர்க்கண்ணில் இரும்பு

இரும்புதான், வேறு எதுவும் இப்படிக் கறுக்காது, பூஞ்சையாக இருந்தால் ஓரம் பச்சையடித்து மெத்தென்று பரவியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பூச்சு வட்ட வட்டமாக விலகியிருக்கும், இது அப்படியில்லை, மகாகனிப் பலகையின் மயிர்க்கண், அதாவது மரத்தின் நுண்துளை, ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ பேனா முனையால் தொட்டு வைத்தது போல, கிட்டாரின் முதுகில் கீழ் வளைவிலிருந்து இடுப்பு வரைக்கும், சின்னச் சின்னதாக, கறுப்பாக, உள்ளே. மேலே இருந்தால் துடைத்துவிடலாம். உள்ளே இருக்கிறது. அந்தக் கண்களை அடைக்கப் பூசி, காய்ந்து தெளிந்துபோன ஃபில்லருக்கு அடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறது. காலையில் ஐஸ் பிளான்ட்டிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி, நேற்றுப் பூசியது காய்ந்துவிட்டதா என்று ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன், அவ்வளவுதான், அதற்கப்புறம் படுக்கவில்லை. கீழே மெட்டில்டா நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு மிக்சியைப் போடாமல் அம்மியில் தேங்காய் அரைக்கிறாள், கல்லில் கல் உரசும் சத்தம் கூரைச் சிமெண்ட் தகட்டின் சூட்டோடு சேர்ந்து மண்டைக்குள் வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் கால்விரலில்தான் நடக்கிறாள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஓடிப்போய்த் தூக்கிப் பிடிப்பாள். ராத்திரி வேலைக்காரன் பெண்டாட்டி. ஊர் விழித்திருக்கும்போது நான் தூங்க வேண்டும், ஊர் தூங்கும்போது நான் கம்ப்ரசருக்கு முன்னால் நின்று ஐஸ் பாளத்தை இழுத்துப் போட வேண்டும், என் வீட்டில் நடப்பதெல்லாம் ஒன்று நான் தூங்கும்போது நடக்கும், இல்லையென்றால் நான் இல்லாதபோது நடக்கும். இதை நான் இதற்கு முன்னால் இப்படி யோசித்ததில்லை. இன்றைக்குத்தான் யோசிக்கிறேன், இந்தக் கறுப்பைப் பார்த்த பிறகு.

இந்த அறைக்குள் இரும்பு வராது. அது என் சட்டம். ஆணி, ரம்பம், உளி எல்லாம் கீழே தகரப் பெட்டியில். பூச்சு வேலை தொடங்கிவிட்டால் இங்கே உப்புத்தாள், பஞ்சுத் துணி, ஃபில்லரை இழுத்துத் தேய்க்கப் பழைய ஏடிஎம் கார்டு, இவ்வளவுதான். கதவுக் கொக்கியைக்கூடப் பித்தளையில் மாற்றினேன், மெட்டில்டா சிரித்தாள், தங்கத்துல போடுங்களேன் என்றாள். தண்ணியில் கரைகிற ஃபில்லர் அப்படிப்பட்டது. டப்பாவைத் திறந்தால் தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கும், பள்ளிக்கூடத்துப் பசை வாசனை வரும், கார்டால் அள்ளி மரத்தின் நாருக்குக் குறுக்கே சாய்த்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இறங்கி உட்காரும். வெள்ளையாக உட்காரும், பார்த்தால் பயமாக இருக்கும், சாம்பல் பூசின மாதிரி மரம் செத்துக் கிடக்கும். அப்புறம் காயக் காய வெள்ளை போகும். முதலில் ஓரத்தில், அப்புறம் நடுவில், மரத்தின் சிவப்பு மெதுவாக உள்ளேயிருந்து எழும்பி வரும். கண் அடைபட்டிருக்கும், ஆனால் அடைபட்டது தெரியாது. அதற்காகத்தான் நான் இதைப் பிடித்துக்கொண்டேன். பழைய பாலிஷ்காரர்கள் சாயம் கலந்த பொடியைக் குழைத்து அடைப்பார்கள், அது கண்ணை மூடி மேலே மை தீட்டின மாதிரி. இது அப்படியில்லை, இது உள்ளதை உள்ளபடி காட்டும். என்ன உள்ளே கிடந்தாலும் காட்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, போனில் வீடியோ பார்த்து, புரியாத பாஷையில் கையை மட்டும் பார்த்து, பூசிப் பூசிக் கெடுத்து நானே படித்தது. கடல் காற்றில் சீக்கிரம் காயாது என்று படித்தேன். அவசரப்பட்டு மேலே வார்னிஷ் அடித்தால் ஒரு மாசத்தில் ஃபில்லர் உள்வாங்கி, பளபளப்புக்கு நடுவில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக விழும் என்று படித்தேன். இரும்பு பட்டால் என்ன ஆகும் என்று படித்தது இரண்டாவது கிட்டாரில். அதைத் தனியாகப் படிக்கவில்லை. கோயிலில் கிட்டார் வாசிக்கிற என் சேக்காளி கிரகோரியும் நானும் சேர்ந்து படித்தோம்.

அன்றைக்கு அவன்தான் ஸ்டீல் வுல், இரும்பு இழைப் பஞ்சு, வாங்கி வந்தான். அவன் வேலை பார்க்கிற கப்பல் கம்பெனிக்குப் பக்கத்துப் பெயிண்ட் கடையில், பாலிஷ்காரர்கள் கேட்டு வாங்குகிற ரொம்ப மெல்லிசான ரகம், கிழவியின் முடி மாதிரி இருக்கும், ஏல இதால தேய்ச்சா வழவழன்னு வருமாம்ல என்றான். தேய்த்தோம். வழவழவென்றுதான் வந்தது. இரண்டு பேரும் மாறி மாறிக் கன்னத்தை வைத்துப் பார்த்தோம். சாயங்காலம் அடுத்த பூச்சு ஃபில்லரைப் போட்டேன். மறுநாள் பார்த்தால் முதுகு முழுக்கக் கறுப்புப் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் கண்களில் உட்கார்ந்திருந்து, மேலே தண்ணி பட்டதும் துருப்பிடித்து, மகாகனியின் துவர்ப்போடு சேர்ந்து மையாகக் கறுத்துவிட்டது. என்னல இது, ஒன் கிட்டாருக்கு அம்மை போட்டிருக்கு, வேப்பிலை கட்டுவோமா என்றான் கிரகோரி. நான் அழாத குறை. அவன் விடவில்லை, ஆபீஸ் முடிந்ததும் நேரே இங்கே வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து சுரண்டினான். ஒரு கண் விடாமல் சுரண்டினோம். பலகையே காகிதமாகிவிட்டது. அந்தக் கிட்டார் இப்போதும் அவன் வீட்டில் இருக்கிறது, சத்தம் மெலிசாக, ஆனால் இனிமையாக இருக்கும் என்பான். அதற்கப்புறம்தான் இந்த அறைக்குள் இரும்பு வராது என்ற சட்டம். இந்தச் சட்டத்தின் காரணம் இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும்.

ஆனால் கிரகோரியாக இருக்காது. அந்த நினைப்பு வந்ததும் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன், அது பின்பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டது. மெட்டில்டா பாத்திரம் தேய்க்கிற கம்பி நாராக இருக்கலாமே என்று பார்த்தேன். அது முரடு, கீறியிருக்கும், கீறல் ஆழமாக வெள்ளையாகத் தெரியும், இங்கே கீறலே இல்லை, விரல் நுனிக்குப் பட்டுத் துணி மாதிரி இருக்கிறது, அந்த மெல்லிசான ரகம்தான், நாரோடு நாராக, அவசரமில்லாமல் நீட்டி நீட்டித் தேய்த்திருக்கிறது. தெரிந்த கை. மரத்தை நோகாமல் தொடுகிற கை. பிறகு கிட்டாரை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், வெளிச்சம் தாழ்வாக விழுந்தது, அப்போது தெரிந்தது, தேய்ப்பின் சாய்வு. நான் வலது கைக்காரன், நான் தேய்த்தால் நீட்டல் முடிகிற இடத்தில் லேசாக இடது பக்கம் வளையும், என்ன முயன்றாலும் வளையும், தோளிலிருந்து வருகிற வளைவு அது. இது வலது பக்கம் வளைந்திருக்கிறது. இடது கை. இடது கையால் தேய்த்திருக்கிறார்கள். அப்பாடா என்று இருந்தது, உண்மையாகவே வாய்விட்டு அப்பாடா என்றேன், ஏனென்றால் கிரகோரி வலது கைக்காரன். கிட்டாரில் வலது கைதான் அவனுடைய கை, இடது கை கம்பியை அழுத்தும், எவன் வேண்டுமானாலும் பழகி அழுத்தலாம், ஆனால் அந்த வலது கை, கட்டை விரல் கீழே நடந்துகொண்டே இருக்க மற்ற விரல்கள் மேலே அது பாட்டுக்கு மழைத்தூறல் மாதிரி விழும், திருவிழாப் பூசையில் நற்கருணைப் பாட்டுக்குக் கோயிலே மூச்சு விடாமல் இருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆறு கிட்டார் செய்தவனுக்கு ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது என்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், என் விரல்கள் ஐஸ் பாளத்தைப் பிடித்துப் பிடித்து நுனி மரத்துப்போனவை, கம்பி எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. நான் செய்தது எப்படிப் பேசுகிறது என்று நான் கேட்பதே கிரகோரியின் கையால்தான். கம்பி பூட்டியதும் முதலில் அவன் தொடுவான். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். இடது கைக்காரன் யாரோ. வேறு எவனோ திருடன், பூனை, பேய், எதுவோ.

அவன் நேர்ச்சை வைத்திருக்கிறான். இந்த ஏழாவது கிட்டார் முடிகிற வரைக்கும் வேறு எந்தக் கிட்டாரையும் தொட மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ச்சை. தவசு காலம் தொடங்கியபோது சொன்னான், இந்த மரம் சாதாரண மரமா என்றான், பழைய சுங்க ஆபீசை இடித்தபோது அலமாரிப் பலகையை அவன்தான் கெஞ்சிக் கேட்டுத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். நூறு வருஷம் காய்ந்த மரம்ல, இதை முடி, திருவிழாவுக்கு இதைத்தான் வாசிப்பேன், அதுவரை கை சுத்தமா இருக்கட்டும் என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கிட்டாருக்காக ஒருவன் நோன்பு இருக்கிறான். ஐஸ் பிளான்ட்டில் எல்லாரிடமும் சொன்னேன். கூட நிற்கிற பேச்சிமுத்துவிடம் இரண்டு தடவை சொன்னேன். அதிலிருந்து அவன் வந்து வந்து பார்ப்பான், கிட்டாரை ஜன்னல் பக்கம் திருப்பி, முகத்தைப் பலகையோடு ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். இன்னும் கண்ணு தெரியுதுல வியாகுலம் என்பான். எங்கே என்பேன். இந்தா, இங்கன, வெளிச்சத்துல பாரு, பொறுமையா பண்ணு, அவசரத்துல முடிச்சா உள்வாங்கிடும்னு நீதானல சொன்ன. நான் மறுபடியும் தேய்ப்பேன், மறுபடியும் பூசுவேன். ஈஸ்டர் போனது. வெயில் வந்தது. நாலு பூச்சில் முடிய வேண்டியது எத்தனையாவது பூச்சு என்று எனக்கே தெரியாமல் போனது. சில நாள் எனக்குத் தெரியவே தெரியாது, கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், ஆனால் கிரகோரி தெரிகிறது என்றால் தெரிகிறதுதான், அவன் கண் அப்படி என்று நினைத்துக்கொள்வேன். பெருமையாகக்கூட இருந்தது. இந்த அளவுக்குப் பார்க்கிறானே. பாட்டுக் குழுத் தலைவர் தெருவில் பார்த்து, என்ன வியாகுலம் இன்னும் முடியலையா, கிரகோரி ஒம்ம கிட்டாருக்காகல்லா காத்திருக்காரு என்றார், அந்தக் குரலில் கொஞ்சம் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது, என் மேல் இரக்கம் என்று நினைத்தேன். மெதுவாகச் செய்கிறவன் மேல் வருகிற இரக்கம்.

இடது கை. இப்போது அது மறுபடியும் வருகிறது. போன வாரம், இல்லை, அதற்கு முந்தின வாரம், கம்ப்ரசர் பக்கத்தில் நின்று பீடி குடிக்க முடியாது என்பதால் வெளியே வந்து குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சிமுத்து கேட்டான், ஒங்க கிரகோரி அண்ணாச்சிக்குக் கை எப்படி இருக்கு. கைக்கென்னல, பொன்னான கை என்றேன். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, பிரஷர் மீட்டரைப் பார்க்கணும் என்று உள்ளே போனான். பீடி பாதிகூடக் கரையவில்லை. பேச்சிமுத்து பாதிப் பீடியை மிதிக்கிற ஆள் இல்லை. நான் அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே விட்டேன். பாதி. பாதி என்றதும் தம்ளர் வருகிறது. மெட்டில்டா டீ கொண்டுவருவாள், எனக்கு நிறைய, அவனுக்குப் பாதி. ஏன் அவனுக்கு மட்டும் பாதி ஊத்துத, கஞ்சத்தனமா என்று கேலி செய்தேன். அண்ணனுக்கு சுகர் ஏறியிருக்காம் என்றாள். சுகர் ஏறினால் சீனியைக் குறைப்பார்களா, டீயைக் குறைப்பார்களா. கேட்டிருக்க வேண்டும். கிரகோரி அந்தத் தம்ளரை உடனே எடுக்க மாட்டான், ஸ்டூல் மேலே இருக்கும், நான் அந்தப் பக்கம் திரும்பி ஏதாவது எடுக்கும்போது குடித்து முடித்திருப்பான். இடது கையில் தம்ளர் இருக்கும். வலது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள். மாடிப்படி ஏறும்போதுகூடப் பாக்கெட்டுக்குள். பெரிய துரை மாதிரி என்று நான்தான் சொன்னேன். அவன் சிரித்தான். எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, ஒன்றும் ஒளிக்கவில்லை, வெள்ளையாகப் பூசிக் காய்ந்து தெளிந்துபோன பூச்சு மாதிரி, அடைத்ததே தெரியாமல். பாக்கெட்டுக்குள் போயிருந்த கை நடுங்குகிற கை. நேர்ச்சைக்கு முன்னால் காலைப் பூசையில்தான் அவன் வாசிப்பான், காலையில் நான் தூங்குவேன், நான் போவது சாயங்காலப் பூசை, அங்கே எப்போதுமே கீபோர்டுதான். ஊரில் அத்தனை பேரும் காலைப் பூசைக்குப் போகிறவர்கள். அங்கே அவன் கை தடுமாறியதைப் பார்த்திருப்பார்கள், ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நேர்ச்சையாம்.

மெட்டில்டா சோறு கொண்டு வந்தாள். படியில் அவள் கால் சத்தமே கேட்கவில்லை, திடீரென்று கதவில் நிற்கிறாள். தூங்கலியா நீங்க, என்னத்துக்கு இப்பிடி உக்காந்திருக்கீய, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. நான் கிட்டாரை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியாது, எறும்பா என்று குனிந்து பார்த்தாள். ராத்திரி யாரு வந்தா என்றேன். யாரு வருவா என்றாள், கேள்வி முடிவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. நேத்து இல்ல, முந்தாநேத்து ராத்திரி என்றேன் நான். அவள் தட்டைக் கீழே வைத்தாள், மீன் குழம்பு ஓரத்தில் வழிந்தது, முந்தானையால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். அந்த இரண்டு துடைப்புக்கும் நடுவில் எனக்கு இன்னொரு நினைப்பும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன், ராத்திரி வேலைக்காரனுக்கு அந்த நினைப்பு என்றைக்காவது ஒருநாள் வரும், அது வந்து போன இடம் இன்னும் எரிகிறது. கிரகோரி அண்ணன் வந்தாரு என்றாள். ஒரு தடவ மேல போயிக் கிட்டாரப் பாத்துக்கிடுதேன்னாரு. நான்தான் கதவத் தொறந்துவிட்டேன். ரொம்ப நேரமா எறங்கல. எறங்கி வந்து அந்தக் கடைசிப் படியிலயே உக்காந்து அழுதாரு. நான் என்ன செய்ய. ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. எப்போலேர்ந்து என்றேன். என்னது என்றாள். கை. தவசு காலத்துலேர்ந்து, திருநெல்வேலில பெரிய டாக்டர்ட்ட காட்டியாச்சு, நரம்பாம், நடுக்கம் நிக்காதாம், இன்னும் கூடத்தான் செய்யுமாம். என் கிட்ட ஏன் சொல்லல என்றேன். கீழே தெருவில் உப்பு லாரி ஒன்று பின்பக்கமாக வந்து வந்து நின்றது, ஓட்டுநர் யாரையோ திட்டினான். சத்தியம் வாங்கினாரு என்றாள். மாதா மேல. அப்புறம், ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தூங்க மாட்டீய, தூங்காம அந்த மிஷினுக்கு முன்னால போயி நிப்பீய, எனக்கு அதுதான் பயம். சொல்லிவிட்டு, அவரு கிட்டார என்னமோ செய்யப் போறாருன்னு எனக்குத் தெரியாது, பாக்கத்தான் போனாருன்னு நெனச்சேன் என்றாள். தெரியாது, நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய. ஆனால் பாதித் தம்ளர் அளந்து ஊற்றியது இவள் கைதானே. பழகாத இடது கையில் பிடித்தாலும் சிந்தாத அளவு எது என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சோறு போடுகிற கரண்டியில் இவ்வளவு கவனம் இருந்ததா என்று யோசித்தேன், பிறகு அந்த யோசனைக்கு வெட்கப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டதற்குக் கோபம் வந்தது.

சோறு ஆறுகிறது. நான் அவன் இடத்தில் இருந்து பார்க்கிறேன், பார்க்க முடிகிறது, அதுதான் கஷ்டம். கிட்டார் முடிந்தால் வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாது என்றால் என்னிடம் சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்க ஒரே வழி கிட்டார் முடியக் கூடாது. முதலில் இன்னும் கண் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தான். போன வாரம் என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, இல்லல, அடைஞ்சிட்டு, இன்னும் ஒரே பூச்சு, அப்புறம் வார்னிஷ், திருவிழாவுக்கு ஒன் கையில என்றேன். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை, நான் கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பெயிண்ட் கடைக்குப் போயிருக்கிறான். ஸ்டீல் வுல்லை இடது கையால் வாங்கியிருப்பான். இருட்டில் இந்தப் படியேறி, எந்தச் சட்டத்தை நானும் அவனும் சேர்ந்து போட்டோமோ அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். உடைத்திருக்கலாம். தூக்கிக் கீழே போட்டிருந்தால் மெட்டில்டா பூனை தள்ளிவிட்டது என்று சொல்லியிருப்பாள், நானும் நம்பியிருப்பேன். உடைக்க மனசு வரவில்லை. நோகாமல், நாரோடு நாராக, ஒரு குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரித் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறான், மற்றதை என் கை செய்யும் என்று தெரியும், நேற்று மத்தியானம் நான் விசிலடித்துக்கொண்டே தண்ணி ஃபில்லரை அள்ளிப் பூசுவேன், அது அத்தனை தூளையும் கறுக்க வைக்கும் என்று தெரியும். கெடுத்தது என் கை. என் கையை வைத்துக் கெடுத்திருக்கிறான். எனக்குத் தெரிந்ததை எல்லாம் இவன் ஒருவனிடம்தான் சொன்னேன், மற்றவர்களுக்குக் கேட்கப் பொறுமை இல்லை, ஃபில்லர் எப்படிக் காயும், எப்போது தேய்க்கணும், எது ஆகாது, தூக்கக் கலக்கத்தில் உளறிக்கொண்டே இருப்பேன், அவன் உம் கொட்டிக்கொண்டே இருப்பான். அந்த உம்மெல்லாம் சேர்ந்து இப்போது இங்கே புள்ளி புள்ளியாக நிற்கிறது. கை போனதைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன். என்னல செய்திருப்பேன். வா, சும்மா உக்காரு என்றிருப்பேன். அப்படிச் சொல்லியிருப்பேனா. இல்லை அந்த நிமிஷமே என் மனசு அப்படியானால் இதை யார் வாசிப்பார்கள் என்று கேட்டிருக்குமா. கேட்டிருக்கும். இப்போதே கேட்கிறது. அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. என்னை அவனுக்கு அவ்வளவு தெரியும்.

அவன் வந்தால் என்ன சொல்வது என்று மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்று, கிட்டாரை நீட்டி, ரெண்டு கையாலயும் வாங்குல என்று சொல்வது. அவன் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தாக வேண்டும். இன்னொன்று, புள்ளியோடு புள்ளியாக மேலே வார்னிஷை அடித்து மூடிவிடுவது, முடிஞ்சுட்டுல, கம்பி பூட்டியாச்சு, நேர்ச்சைய முடி என்பது. நினைக்கும்போது நாக்கில் இனிக்கிறது. கோயில் நிறையக் கூட்டம், அவன் மடியில் இது, கை எடுபடவில்லை. இனிப்பு உடனே கசந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நானும் நிற்கிறேன். மூன்றாவது, ஒன்றுமே சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பது. காது இரைகிறது, கம்ப்ரசர் இங்கேயும் ஓடுகிறது, ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் நின்றால் பகல் முழுக்க அது நம் மண்டையில் நிற்கும். வெயில் ஜன்னலிலிருந்து நகர்ந்து கிட்டாரின் இடுப்புக்கு வந்துவிட்டது. இந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அழகாகக்கூட இருக்கின்றன. அதுவும் ஒரு துரோகம், அழகாக இருப்பது. கீழே கேட் சத்தம். தங்கச்சி என்று கூப்பிடுகிறான் கிரகோரி, எப்போதும் போல. முழிச்சுத்தான் இருக்காரு என்கிறாள் மெட்டில்டா, அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். படியில் கால். ஒரு கால், ஒரு கால். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிற கால்.

என்னல, தூங்கலியா, மூஞ்சி ஐஸ் மீன் மாதிரி இருக்கு என்றான் கிரகோரி. எப்போதும் உள்ளே வந்ததும் நேரே கிட்டாரிடம் போவான், செருப்போடு போவான், நான் கத்துவேன். இன்றைக்குச் செருப்பைக் கழற்றினான், சுவரோரமாகக் கிடந்த முக்காலியை இழுத்துத் தூரத்தில் உட்கார்ந்தான், ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஒன்று பழுதாகி நிற்கிறதாம், லாரியெல்லாம் பாலம் வரைக்கும் வரிசையாம், அதைச் சொன்னான். வியர்த்திருந்தான். கழுத்து இளைத்து, சட்டைக் காலர் ஒரு விரல் பெரிதாக நின்றது, இதையும் நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஃபில்லர் காஞ்சிட்டா என்று கேட்டான், கிரேன் பேச்சின் நடுவில், சும்மா கேட்பது போல. காஞ்சிட்டு. நான் கிட்டாரை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். பாரு. அவன் பார்த்தான். ஐயோ, என்னல இது என்றான். வாய் சொன்னது சரியாகத்தான் சொன்னது, ஆனால் வாய் சொல்வதற்கு முன்னால் பாக்கெட்டுக்குள் துணி அசைந்தது, உள்ளே ஒரு குருவி மாட்டிக்கொண்ட மாதிரி, அவன் தொடையோடு சேர்த்து அழுத்தினான், அது நிற்கவில்லை. மெட்டில்டா டீ கொண்டு வந்தாள். எனக்கு நிறைய. ஸ்டூலில் அவனுக்குப் பாதி. வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை, போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரெண்டு கையாலயும் வாங்குல. வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது, கிட்டாரும் என் கையில் அவன் பக்கம் பாதி நீண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், அப்புறம் என் முகத்துக்கு வரவே இல்லை, என் சட்டைப் பொத்தானோடு நின்றுவிட்டான். ஃபில்லர்ல ஏதோ கோளாறு என்றேன். என் குரல்தான் சொன்னது. டப்பா பழசு போல. முழுக்க உரிச்சு மொதல்லேர்ந்து பண்ணணும்ல, வேற வழியில்ல. திருவிழாவுக்கு முடியாது. அவன் கண் என் பொத்தானிலிருந்து தம்ளருக்கு இறங்கியது. பிறகு, கிடக்கட்டும்ல, அவசரமா என்ன, அடுத்த திருவிழா வராமலா போயிரும் என்றான், இடது கையால் தம்ளரை எடுத்துக் குடித்தான், இந்தத் தடவை நான் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருக்கவில்லை. மெட்டில்டா இறங்கிப் போகிற சத்தம் கேட்டது, கால்விரலில் இல்லை, முழுக்காலையும் வைத்து. நான் கிட்டாரை மடியில் கவிழ்த்து உப்புத்தாளை எடுத்துக் கீழ் வளைவிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன், வெள்ளைத் தூள் எழும்பியது, அதில் கொஞ்சம் கறுப்பு இருந்தது. மெதுவா, நாரோட போ என்றான் கிரகோரி. தோள் இரண்டும் இறங்கி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தான், நான் வழக்கமாகச் சாய்கிற இடத்தில். நான் செய்து கொடுத்த ஆறு கிட்டாரில் ஒன்றுகூட அவன் முகத்தில் அந்த நிம்மதியைக் கொண்டுவந்ததில்லை.